கேள்விப்பட்டது

பெயின்டர் கோர்ட்டுக் கூண்டில் நிற்கிறார். இரவல் கேட்டவனுக்கு ஏணி கொடுத்தார். அவன் அதில் ஏறி ஒரு கடைக்குள் இறங்கித் திருடிவிட்டான். திருட்டுக்கென்று தெரிந்தேதான் கொடுத்தார் என்பது வழக்கு. அதற்கிருக்கும் ஒரே சாட்சி, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. ஜன்னல் வெயிலில் அவர் மூக்குக்கண்ணாடி மின்னுகிறது. “இவருக்கு எல்லாம் தெரியும்னு பேசிக்கிட்டாங்க ஐயா.” நீதிபதி பேனாவைக் கீழே வைக்கிறார். “யாரு பேசிக்கிட்டாங்க?” “என் நாத்தனார் சொன்னா. அவகிட்ட யாரோ சொன்னாங்களாம்.” “இவர் வாயால சொல்லி, நீங்க உங்க காதால கேட்டீங்களா?” மின்விசிறி கிறீச்சிடுகிறது. தையல்காரம்மா கைக்குட்டையை விரலில் சுற்றுகிறார், அவிழ்க்கிறார், பெயின்டரைப் பார்க்கிறார். “இல்லீங்க ஐயா. நான் கேக்கல.” தட்டச்சு ஓசை நிற்கிறது. வேறு சாட்சி உண்டா என்று நீதிபதி கேட்க, அரசு வக்கீல் உதட்டைப் பிதுக்குகிறார். “ஏணி குடுத்தது குத்தமில்ல. எதுக்குன்னு தெரிஞ்சு குடுத்தார்னு காட்டணும். ஊர்ப்பேச்சு அதுக்குச் சாட்சி ஆகாது. நீங்க போகலாம்” என்று பெயின்டரை விடுவிக்கிறார் நீதிபதி. பெயின்டர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார். பின் பெஞ்சில் அவர் மனைவி அடக்கிவைத்திருந்த மூச்சை விடும் சத்தம் கூண்டுவரை கேட்கிறது. வெளியே வராந்தாவில் தையல்காரம்மா, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்தே இருக்கிறார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பெயின்டர் மட்டும் அருகே போகிறார். “அக்கா, கேட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் உள்ள போயிருப்பேன்.” அவர் நிமிராமலே முணுமுணுக்கிறார். “எப்படிப்பா சொல்லுவேன், கேக்கலியே.” வராந்தா ஓரமாகக் காற்று வீசுகிறது. மனைவி மெல்லத் திரும்புகிறாள். “பஸ் வந்துரும். நீங்களும் வாங்கக்கா, சேர்ந்தே போவோம்.”