கபிரியேல் பிடித்த குழாய்

முதல் அடி லெட்சுமணனின் தோளில் விழுந்தது. இரண்டாவது, வாயில். பாண் சுடும் போறணை அடுப்பில் நெருப்புக் கிளறும் இரும்புத் தடி அது. பல் ஒன்று தெறித்துப் போய் மாவுப் பலகையில் விழுந்தது.

“என் தம்பியக் கொன்னுட்டு, வயரிங் சாமான் பைய எடுக்க வந்திருக்கான் பாத்தியா மேபல்?” என்றார் யாகப்பர். “என்னா நெஞ்சழுத்தம் இருக்கணும்.”

பேக்கரியின் கதவுப் பலகைகளை எல்லாம் போட்டாயிற்று. வெளியே கட்டுக்கலை வீதியில் ஹந்தானை மலையின் மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எவன் கத்தினாலும் வெளியே கேட்காது. தம்பி கபிரியேலுக்கு அன்று காலையில்தான் ஏழாம் நாள் பூசை முடிந்திருந்தது.

அவனுடைய பெண்சாதி மேபல் கறுப்புச் சேலையோடு பின்வாசலில் நின்றாள். இடது கையில் இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை. போறணையில் சுட்டுக்கொண்டாள் என்று கபிரியேல் ஊருக்கெல்லாம் சொன்ன கை.

ஊருக்குக் கரண்ட் வந்த புதிதில் அடித்த மரப்பலகை போர்டு கருகிப்போனதால், அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது இரும்புப் பெட்டியும் சுவர் நெடுக இரும்புக் குழாயும் போட்டவன் இந்த லெட்சுமணன். அந்தக் குழாயைத்தான் கபிரியேல் ஈரக் கையோடு பிடித்தான். பிடித்தவனால் விட முடியவில்லை. அவன் துடித்து அடங்கும் வரைக்கும், தலைக்கு மேலே விளக்கு ஒரு சிமிட்டல்கூட இல்லாமல் எரிந்துகொண்டிருந்ததை யாகப்பர் தன் கண்ணால் பார்த்தார்.

கோபம் வந்தால் கை முந்திவிடும். மற்றபடி தங்கமான பிள்ளை. அவர் தோளில் தூக்கி வளர்த்த தம்பி.

“குழாயில கரண்ட் ஏறினா மண்ணுக்குப் போறதுக்கு ஒரு வயர் போடணுமாமே. அத நீ போடல.”

“போட்டேன் மொதலாளி.” பேச்சு ரத்தத்தோடு சேர்ந்து வந்தது. “பெட்டி, குழாய் எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து, பின்னால தண்ணிப் பைப்பில எர்த் வயர முடுக்கியிருக்கேன். மேபல் அம்மாகிட்டயும் காட்டிச் சொல்லிட்டுத்தான் போனேன். அது இருக்கிற வரைக்கும் பியூஸ்தான் எரியும், ஆள் எரிய மாட்டான். பழைய வயரையே குழாய்க்குள்ள இழுக்கச் சொன்னது நீங்க. அதாலதான் மழைக்கு மழை பியூஸ் போச்சு.”

“ஓகோ, இப்ப குத்தம் என் தலையிலயா?”

தடி முழங்காலில் இறங்கியது. லெட்சுமணன் சுருண்டு விழுந்தான்.

“பின்னாலதான் இருக்கு மொதலாளி. போய்ப் பாருங்க.”

“பாக்க வேண்டியத மகியாவை மயானத்தில புதைச்சாச்சுடா.”

யாகப்பர் தடியை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேல் ஓங்கினார். இந்த முறை மண்டைதான்.

“அடிச்சுக் கொல்லாதீங்க அத்தான்,” என்றாள் மேபல்.

தடி அந்தரத்தில் நின்றது. “ஏன், பாவமா இருக்கா ஒனக்கு?”

“ஒரே அடியில போயிருவான். அவரு செத்த மாதிரியே சாகட்டும். கையக் குழாயோட வச்சுக் கட்டுங்க. மெயினப் போடுங்க.”

யாகப்பர் அவளையே பார்த்தார். செத்த வீட்டில்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். இவளுக்குள் இப்படி ஒரு நெருப்பா? அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

மாவு மூட்டைச் சணலால் லெட்சுமணனின் இரண்டு மணிக்கட்டையும் குழாயோடு சேர்த்து இறுக்கினார். ஒரு வாளித் தண்ணீரை அவனுடைய வெறுங்காலடியில் ஊற்றினார். லெட்சுமணன் மேபலைப் பார்த்துக் கெஞ்ச வாயெடுத்தான். அவள் கண்ணை எடுக்காமல் அவனைப் பார்த்தாள்.

“ஒன் சாமியக் கும்பிட்டுக்கடா,” என்றார் யாகப்பர்.

கபிரியேல் செத்த அன்று நிறுத்திய மெயின். அதற்குப் பிறகு பயத்தில் யாரும் அதன் பக்கமே போகவில்லை. யாகப்பர் கைப்பிடியைப் பிடித்து மேலே தள்ளினார்.

இரும்புப் பெட்டிக்குள் படாரென்று வெடித்தது. விளக்கு ஒரு தரம் பளிச்சிட்டு அணைந்தது. ரப்பர் கருகிய வாடை அடித்தது. பலகை இடுக்கில் வந்த வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார். லெட்சுமணன் குழாயில் தொங்கியபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். உயிரோடு.

“பியூஸ் போயிருச்சு மொதலாளி.” அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. “எர்த் வயர் இருக்கு. பாத்தீங்களா, நான் போட்ட வயர் இருக்கு.”

யாகப்பருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவனைக் காப்பாற்றிய வயர் தம்பியை மட்டும் ஏன் கைவிட்டது? அன்றைக்கு மட்டும் ஏன் விளக்கு அணையவில்லை? விளங்காததே அவருடைய கோபத்தை இன்னும் கிளறிவிட்டது. தரையில் தடவித் தடியை எடுத்தார்.

“அப்ப என் தம்பி எப்பிடிடா செத்தான்? சொல்லு.”

ஓங்கிய தடி இறங்கும் முன் மேபல் குறுக்கே வந்து நின்றாள். அவள் குரலில் ஏற்றமும் இல்லை, நடுக்கமும் இல்லை.

“அன்னைக்கு மட்டும் அந்த வயரக் கழட்டி வச்சது நான்தான் அத்தான்.”