சத்து மாத்திரை

"டேய், மாத்திரை!"

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுவதற்குள் அப்பாவின் குரல் வந்துவிடும். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்றது உத்தியோகம்தான், குரல் இல்லை.

எச்.ஐ.வி. வராமல் தடுக்கிற மாத்திரையை, ஆண்களை விரும்பும் ஆண்கள் தினமும் விடாமல் போடுகிறார்களா என்று ஓர் ஆராய்ச்சி. லிஃப்ட் மெக்கானிக்கான மகன், தன் காதலனான நீச்சல் மாஸ்டரோடு அதில் சேர்ந்திருந்தான். புட்டியின் லேபிளைச் சுரண்டி எறிந்துவிட்டு, "வெறும் சத்து மாத்திரைப்பா" என்று அப்பாவின் காதில் பூ சுற்றியிருந்தான். மற்றவர்கள் அவ்வப்போது மறந்துவிட, இவன் மட்டும் ஒருநாள்கூட விடாததில் ஆராய்ச்சிக்காரர்களுக்கு வாயெல்லாம் பல்.

அன்று அவன் சாப்பிடாமல் தட்டையே அளைந்துகொண்டிருந்தான்.

"டேய், மாத்திரை!"

"வேண்டாம்ப்பா. இனிமே அது தேவைப்படாது."

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஏன், உன் நீச்சல் மாஸ்டரோட சண்டையா?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்பா... இது சத்து..."

"டிக்கெட்ல தேதியைச் சுரண்டினவனும் இப்படித்தான் முழிப்பான். தண்ணியை எடு. நாளைக்கே ரெண்டு பேரும் ராசியாயிடுவீங்க. நடுவுல விட்டா மாத்திரை காப்பாத்தாது."

"இதெல்லாம் உங்களுக்கு யாருப்பா சொன்னது?"

"உங்க ஆராய்ச்சி ஆபீஸ்ல பெத்தவங்களுக்குன்னு மாசாமாசம் வகுப்பு நடத்தறாங்களே."

அப்பா பேப்பரைத் திருப்பினார்.

"நீச்சல் மாஸ்டரோட அப்பாதான் எனக்கும் சேர்த்து இடம் பிடிச்சு வெப்பாரு."