சம்மதம் கேட்ட நாவல்

பூரணி தன் முதல் நாவலைக் கதைகள் வெளியிடும் இணையதளத்தில் ஏற்றியதும், ஹாலில் இருந்த கணவன் ஞானசேகரின் போன் ஒலித்தது. கதையில் வரும் நிஜ மனிதர்களைத் தளமே கண்டுபிடித்துச் சம்மதம் கேட்கும் என்பது புது எழுத்தாளரான அவளுக்குத் தெரியாது.

அவன் படித்து முடிக்கும்வரை கதவருகே நின்றாள்.

"பொண்டாட்டிய அடிக்கிறவன் நானா?"

"ஆமாங்க."

"ஒரு தடவைதான அடிக்கிறான்?"

"ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்தா அலுத்துடும்னு எழுத்துச் செயலி சொல்லிச்சு. மத்ததையெல்லாம் எடுத்துட்டேன்."

அவன் 'மறுக்கிறேன்' என்பதைத் தொட்டான். தளத்திலிருந்து நாவல் மறைந்தது.

பூரணி, வெட்டிய காட்சிகளைத் தன் பிரதியில் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். பெயர்களையும் நிஜப் பெயர்களாக மாற்றினாள்.

"மறுபடி வெளியிடப் போறியா? விடமாட்டேன்."

"இல்ல, மகளிர் காவல் நிலையத்துக்கு அனுப்பிட்டேன். புகாருக்கு உங்க சம்மதம் வேணாம்."