கடைசிப் பொத்தான்

கடைசிப் பொத்தானோடு இடக்கையால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் யாழரசி. நோயாளிகளுக்கு அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியில் முதுகலைத் தேர்வு. நோயாளி பிச்சையாவின் பக்கவாதத்தை அவள் வலக்கையில் ஏற்றியிருந்தார்கள். கடைசிப் பொத்தானைப் போட்டோ, மணி அடித்தோ தேர்வு முடிந்த நொடியே அது அவருக்குத் திரும்பிவிடும். பத்து நிமிடத்துக்குள் சட்டைப் பொத்தான் அத்தனையும் போட்டால் தேர்ச்சி. இல்லையென்றால் ஒரு வருடம் போச்சு.

“நேத்து நாலே நிமிஷத்துல போட்டியேம்மா! இன்னிக்கு என்ன வந்துச்சு?” பேராசிரியை ரெபேக்கா பதறினார்.

“வழுக்குது மேடம்.”

மணி அடித்தது. ரெபேக்கா உதட்டைப் பிதுக்கியபடி ‘ஃபெயில்’ என்று குறித்தார்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பிச்சையாவின் வலக்கை துவண்டு மடியில் விழுந்தது. ஆனால் அதற்குள் அவர், தன் முன்னால் உட்கார்ந்திருந்த மகளுக்கு இரட்டைச் சடை பின்னி, இரண்டாவது ரிப்பனும் கட்டி முடித்திருந்தார்.

யாழரசி இடக்கையாலேயே, ஒரே நொடியில் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.