பூங்கொடியின் நாக்கு

வசந்தத்தின் புதுப் பச்சைத் தேயிலை வாங்க, கோவையில் தேயிலைக் கடை வைத்திருந்த சிவநேசனும் அவன் மனைவி பூங்கொடியும் வருஷா வருஷம் சேர்ந்துதான் சீனாவுக்கு வருவார்கள். பேரம் பேசுவது அவன், ருசி பார்ப்பது அவள். விவாகரத்து வழக்கில் அவள் பாதிக் கடையைக் கேட்டபோது அவன் கோர்ட்டில் சொன்னான்: "கடைக்கு இவ என்ன செஞ்சா? உக்காந்து டீ குடிச்சா." கடை அவனுக்கே போனது.

இந்த வருஷம் அவள் வேறொரு கம்பெனிக்காக வந்திருந்தாள். சந்தையில் ஒரே மேஜையில் இருவரும் எதிரெதிரே உட்கார நேர்ந்தது. வியாபாரி கண்ணாடி டம்ளர்களில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, "நேற்றுப் பறித்தது" என்றார்.

பூங்கொடி ஒரு வாய் குடித்தாள். வாசனையே இல்லை, தொண்டையில் வெறும் கசப்பு. போன வருஷத்து இலையைத் திரும்ப வறுத்திருக்கிறார்கள்.

சிவநேசனும் குடித்தான். ஒன்றும் பிடிபடாமல், பழைய பழக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்தான்.

"எப்படி இருக்கு, பூங்கொடி?"

"ரொம்ப நல்லா இருக்கு," என்றாள். "இருக்கறது எல்லாத்தையும் எடுத்துக்குங்க."

அவன் நிம்மதியாகச் சிரித்து வியாபாரியிடம் திரும்பினான். அவள் டம்ளரில் மிச்சமிருந்ததை நிதானமாகக் குடித்து முடித்தாள்.