இருபத்திரண்டு நிமிடம்

“இருபத்திரண்டு நிமிஷம். தினமும் சாயங்காலம் வண்டி ஒரே இடத்துல நிக்குது. எதுக்குன்னு சொல்லுங்க, சவரிராயன்.”

பள்ளி வேன்களுக்குப் பொறுப்பாளரான ஜெய்சங்கர் காகிதத்தை மேசைமேல் போட்டார். வேனில் பொருத்திய கருவி அனுப்பிய மாத அறிக்கை. இடங்கள் எல்லாம் வெறும் எண்களாக இருந்தன. திரும்பத் திரும்ப வந்த ஒரே எண்ணுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

டிரைவர் சவரிராயன் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். காலை ஐந்தரைக்கே திருவெள்ளறையில் முதல் பிள்ளையை ஏற்றியவர். அசதியில் நிற்கவே முடியவில்லை.

“டீயா, தூக்கமா, இல்ல வேற பழக்கமா?”

“சும்மாதான் சார் நிக்குது.”

“சும்மா நிக்க இதென்ன சத்திரமா? காரணம் சொல்லலைன்னா நாளையிலேர்ந்து வர வேணாம்.”

இந்த வயதில் சவரிராயனுக்கு இன்னொரு ஸ்டியரிங்கை யார் கொடுப்பார்கள்? ஆனாலும் காகிதத்தை ஜெய்சங்கர் பக்கமே நகர்த்தினார்.

ஜெய்சங்கரின் மகள் நிஷா, இது எதையும் காதில் வாங்காமல், ஓரத்து நாற்காலியில் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்பு.

“நிஷா, சாட்டிலைட் பாடம் படிச்சியே. அது எப்படி இடத்தைக் கண்டுபிடிக்குதுன்னு இவருக்குச் சொல்லு.”

“அது நம்மளைப் பாக்கவே பாக்காதுப்பா. ‘நான் இங்க இருக்கேன், இப்ப மணி இவ்ளோ’ன்னு மேலேர்ந்து சொல்லிக்கிட்டே இருக்கும். அது கீழ வந்து சேர எவ்ளோ நேரமாச்சுன்னு பாத்து, வேன்ல இருக்கற பெட்டிதான் தூரத்தைக் கணக்குப் போடும்.”

“ஒரு தூரம் தெரிஞ்சா போதுமா?”

“போதாது. மலைக்கோட்டையிலேர்ந்து இவ்ளோ, ராஜகோபுரத்துலேர்ந்து இவ்ளோ, ஜங்ஷன்லேர்ந்து இவ்ளோன்னு மூணும் சொன்னாதான் நான் எங்க நிக்கறேன்னு தெரியும். நாலாவது சாட்டிலைட் பெட்டியோட கடிகாரத்தைச் சரி பண்ண. நம்ம நாட்டோடதுக்குப் பேரு நாவிக்.”

“கேட்டீங்களா? மேல இருக்கறது யாருக்கும் சொந்தக்காரன் இல்ல.” ஜெய்சங்கர் பெருமையோடு மகளிடம் போனை நீட்டினார். “இந்த எண்ணை மேப்புல போடும்மா. எந்தக் கடை வாசல்னு பாத்துடலாம்.”

சவரிராயன் பதறினார். “வேணாம் சார். நானே வேலைய விட்டுடறேன்.”

“இப்பதான் பயம் வருதாக்கும்.”

நிஷா எண்களை அடித்தாள். வரைபடம் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் போய் நின்றது. அவள் முகம் வாடியது.

“எந்த இடம்மா?”

நிஷா போனைக் கொடுக்காமல் சவரிராயனையே பார்த்தாள்.

“நம்ம வீட்டு வாசல்ப்பா. அம்மா ஆபீஸ்லேர்ந்து வர்ற வரைக்கும் வீடு பூட்டியிருக்கும், வேன் அங்கிள் என்னைத் தனியா இறக்கிவிட்டுட்டுப் போக மாட்டார். உங்களுக்குத் தெரிஞ்சா அம்மாவை வேலைய விடச் சொல்லிடுவீங்கன்னு, அவங்கதான் யார்கிட்டயும் சொல்ல வேணாம்னாங்க.”