பறவை பார்க்கும் வால்டர்

"லவினாகூட பறவை பாக்கப் போயிட்டு வந்தா மட்டும் மூஞ்சி இன்னாமா மின்னுது!"

ஈவ்லின் பொருமினாள். தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூரு வேலைக்கு ஓடும் கணவன் வால்டர், ஞாயிறானால் ஆராதனைக்கும் வராமல் பக்கத்துத் தெரு லவினாவின் குழுவோடு பறவைகள் சரணாலயத்துக்குக் கிளம்பிவிடுவான். சனி ராத்திரி முழுக்க அவள் குடைந்து குடைந்து கேட்டாலும், "பறவை பாக்கத்தான்" என்பான்.

இந்த ஞாயிறு பின்னாலேயே போனாள்.

ஏரிக்கரையில் குழுவிலிருந்து சற்றுத் தள்ளி லவினா பைனாகுலரோடு நின்றிருந்தாள்.

"எங்க வூட்டுக்காரர் எங்க?"

"மெதுவா பேசுங்கக்கா!" லவினா மரத்தடி பெஞ்சைக் காட்டினாள். வால்டர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். "வந்ததும் படுத்துடுவாரு. இதுவரைக்கும் ஒரு கொக்குகூட பாத்ததில்ல. வூட்ல தூங்க முடியலையாம்."

ஈவ்லின் அவன் தோளை உலுக்கினாள்.

"கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வந்துடுச்சா?" என்றான், கண்ணைத் திறக்காமலே.

"இல்லீங்க, இன்னும் தூரம் இருக்குது. தூங்குங்க."